பாதித் தொட்டி பொங்கியது

அத்தியாயம் 5

பழனி ரோட்டில் இருந்த பழைய புகையிலைக் குடோனின் கேட்டுக்கு இருபது கெஜம் இருக்கும்போதே பொன்னழகு மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"பாய், நாம வந்தது ஜட்ஜையாவைப் பார்க்கவா, இல்ல அவுக நேத்துச் சாப்பிட்டதைப் பார்க்கவா?"

"ரெண்டையுந்தான். வாயை மூடிக்கிட்டு வா. திறந்தா உள்ள போகும்" என்றார் முகமது பாரூக், சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடி.

பாரூக் பதினெட்டு வருஷம் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தவர். பெரிய இடத்துப் பையன் ஒருவன்மீது ஒழுங்காகக் கேஸ் எழுதியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். திண்டுக்கல் கடைத்தெருவில் ஒரு மாடி அறை பிடித்து, துப்பறியும் தொழில் என்று போர்டு மாட்டியிருந்தார். பொன்னழகு எண்ணெய் மில்லில் பீப்பாய் உருட்டியவன். இடுப்பு சுளுக்கி அங்கிருந்து துரத்தப்பட்டு, சுளுக்காத நாக்கோடு பாரூக்கிடம் வந்து சேர்ந்தான்.

கேட்டுக்கு வெளியே வெயிலில் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். எல்லாம் கிணறு வெட்டும் கூலிகள். அவர்களிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். உள்ளங்கை மட்டும் அறுபது வயதுக் கை.

"ராவுத்தரய்யா, எங்க ஏழு பேர் சொன்னதையும் தண்ணி கொண்டுபோயிருச்சாம். நாலு மணிக்கு முடிச்சு வைக்கப் போறாக. எம்புருசன் தானாப் போயி வெடி மேல உக்காந்தான்னு எழுதப் போறாகளாம்."

சுந்தரம்மாள் அழவில்லை. அழுகிற கட்டம் தாண்டியிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் ஒரு கிணற்றைப் பாறை உடைத்து ஆழப்படுத்தினார்கள். ஆறு குழியில் மருந்து வைத்தார்கள். ஐந்து வெடித்தது. ஆறாவது சத்தமில்லை. இறங்க மாட்டோம் என்று நின்ற ஆட்களைப் பார்த்துக் காண்ட்ராக்டர், "இறங்குறவனுக்கு நாளைக்கு வேலை இருக்கு, இறங்காதவனுக்கு இல்லை" என்றான். மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேரையும் கூடையில்தான் தூக்கினார்கள். மேலே கமலைக்கயிறு பிடித்து நின்ற சுந்தரம்மாள் அந்தப் பேச்சைக் காதால் கேட்டவள்.

இரு தரப்பும் சம்மதித்து, ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் விசாரிக்க வந்தார். ஏழு பேர் வாக்குமூலம் சொல்லி ரேகை வைத்தார்கள். அந்த ஏழு பேரில் ஐந்து பேரைக் காண்ட்ராக்டர் மறு வாரமே மலைத் தோட்டத்து வேலைக்கென்று லாரி ஏற்றிவிட்டான். எந்த மலை, எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்த இரண்டு பேர் சொல் மட்டும் எடுபடாது. ஆகவே அந்தக் காகிதம்தான் எல்லாம். அது போனால் மூன்று சாவும் அவரவர் அஜாக்கிரதை.

"மணி ஒன்றரை" என்றார் பாரூக். "பார்ப்போம்மா."

ஜட்ஜ் வந்தது வீட்டு வேனில். சிறுமலைக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. உள்ளே கட்டில், மேஜை, அடுப்பு, குளியல் மூலை, கக்கூஸ் எல்லாம் உண்டு. கூரைமேல் நல்ல தண்ணீருக்கு ஒரு தகரத் தொட்டி. அடியில் கழிவுக்கு ஒரு இரும்புத் தொட்டி. ஜட்ஜ் ஊர் ஊராக இதில்தான் போவார். சத்திரத்துக் கக்கூஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

இப்போது அவர் வேனுக்கு வெகுதூரத்தில், காற்றுக்கு மேல்பக்கமாக நாற்காலி போட்டு, யூடிகோலோன் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் பாரூக், விஷயம் சின்னது. நேற்றுக் காலையில் அந்தத் தோட்டி வீரன் கூரையில் ஏறி, தண்ணீர்க் குழாயை மிதித்து மூட்டைக் கழற்றிவிட்டான். ஒழுகிய தண்ணீர் வாக்குமூலப் பெட்டியில் இறங்கிவிட்டது. அவனை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தால், நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது. மூன்று மணிக்குள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்கள்."

"இந்த நாத்தமுங்க?"

"அடித்தொட்டி நிரம்பி உள்ளே பொங்குகிறது. எடுக்கிறவன்தான் ஸ்டேஷனில் இருக்கிறானே."

"பாருங்க பாய்" என்று பொன்னழகு தாழ்ந்த குரலில் சொன்னான். "ஜட்ஜையாவுக்கு ஒரு ஆளை உள்ள தள்ளினா, உள்ளதெல்லாம் வெளிய வருது."

வேனுக்குள் சமையற்காரி செபாஸ்தியம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, சாக்கையும் சாம்பலையும் வைத்துப் போராடிக்கொண்டிருந்தாள். குளியல் மூலையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே ஏறி, கணுக்கால் உயரத்துக்கு நின்றது. படி வழியாகவும் வழிந்திருந்தது.

"வாங்க, வாங்க, நல்ல நேரத்துல வந்தீக. சேசுவே, இந்த மூணு வருசத்துல இப்படி ஆனதில்ல. நாலு நாளைக்குத் தாங்குற தொட்டி. வீரன் முந்தாநாத்துதான் காலி பண்ணுனான்."

"முந்தாநாத்தா?" என்றார் பாரூக்.

"ஆமாங்கறேன். அதுக்குள்ள ரொம்ப இங்க என்ன கலியாணமா நடந்துச்சு?"

பாரூக் பெட்டியிடம் போனார். கட்டிலடியில் இருந்த மரப்பெட்டி. நேற்று நனைந்தது, இன்று காய்ந்திருந்தது. மூடிமேல், பலகைச் சந்தில், பூட்டின் ஓரத்தில் எல்லாம் மெல்லிசாக வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பாய், பசிச்சா சொல்லுங்க. ஓட்டல் இருக்கு" என்றான் பொன்னழகு.

"நீயும் நக்கிப் பாரு."

பொன்னழகு நக்கினான். முகத்தைச் சுளித்தான். "உப்பு. நம்ம ஊரு கிணத்துத் தண்ணி."

"ஏம்மா, கூரைத்தொட்டியில என்ன தண்ணி ஊத்துவீக?"

"நல்ல தண்ணிதான். காலையில மாட்டுவண்டியில வருதுல்ல பீப்பாய்த் தண்ணி, அதான். இந்த வளவுக் கிணத்துத் தண்ணியை மாடு கூட மோந்துபாத்துட்டுப் போயிரும். பருப்பு வேகாது."

"நேத்து ஒழுகுச்சா?"

"ஒழுகுச்சு. மூட்டுல சொட்டுச்சு. நான்தேன் ஏறித் துணி சுத்திக் கட்டினேன். அடியில ஒரு சொம்பு வச்சேன், அரைச் சொம்பு கூட நெறையல. வீரன் மிதிச்சான்னு சொல்றாக. மூணு வருசமா பூனை மாதிரி ஏறி இறங்குறவன், நேத்து மட்டும் யானையாயிட்டானாக்கும்."

அரைச் சொம்பு நல்ல தண்ணீர் சொட்டி ஒரு பெட்டி முழுக்க உப்புப் பூக்காது. யாரோ கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் என்றால் எல்லாம் தண்ணீர்தான் என்று நினைக்கிற ஆள். தண்ணீர் சுமந்து பார்க்காத ஆள். பொன்னழகுக்கு உடனே அவன் யார் என்று தெரிந்துவிட்டது.

"ஜட்ஜோட குமாஸ்தா, பாய். சென்னைப்பட்டணத்து ஆளு. பேனாப் பிடிக்கிறவன் வேலைதான் இது."

குமாஸ்தா பெருமாள்சாமி குடோன் தாழ்வாரத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தார்.

"என்னங்கய்யா, மண்ணெண்ணெய் வாசம் தூக்குது" என்றான் பொன்னழகு. "உங்க ஐயா யூடிகோலோன் போடுறாரு, உங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகுதோ? இல்ல, எதையாச்சும் கொளுத்தப் போறீகளா?"

"ரேகை மைப்பா" என்றார் பெருமாள்சாமி. விரல் நுனிகள் கன்னங்கரேலென்று இருந்தன. "நான்தான் ஒவ்வொருத்தர் கட்டைவிரலையும் பிடித்து உருட்டிப் பதிய வைக்கிறவன். பத்து நாளாகிறது, இன்னும் போகவில்லை. எண்ணெய் மை. சோப்பு, தண்ணீர் எதற்கும் அசையாது. மண்ணெண்ணெய் ஒன்றுதான்."

பொன்னழகுக்கு அது தெரியாத விஷயமா? அவன் அம்மா மில்லில் ரேகை வைத்துவிட்டு வந்தால் மூன்று நாளைக்குச் சோற்றில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். "மையைத் தின்னுறதா, எண்ணெயைத் தின்னுறதான்னு பாத்துச் சொல்லுடா" என்று கேட்டுக்கொண்டே பிசைந்து போடுவாள். அந்த நினைப்பு வந்ததும் அவன் நாக்கு நின்றுபோயிற்று. பாரூக்கைப் பார்த்தான். பாரூக்கும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அந்த நனைஞ்ச காகிதத்தை எடுத்துட்டு வா."

காய்ந்து மொடமொடத்த இருபது தாள். பேனா மை கரைந்து ஒவ்வொன்றும் நீல வானம் மாதிரி இருந்தது. பொன்னழகு ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஒரு எழுத்து இல்லை. சரி, கரைந்துவிட்டது. ஆனால் ஒரு கறுப்புப் பொட்டுக்கூட இல்லை.

"ஏழு பேரோட கட்டைவிரல் எங்க பாய்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். தண்ணியில போகாத மை எங்க போச்சு?"

பெருமாள்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நேற்றே பார்த்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, இது நான் எழுதின தாளே இல்லை என்று. சொல்லவில்லை. மூன்று பெண்கள் இருக்கிறார்கள் எனக்கு. வேலை போனால்..."

"அங்க வெயில்ல உக்காந்திருக்கவளுக்குப் புருசனே போயிட்டான்யா" என்றான் பொன்னழகு.

"விடு" என்றார் பாரூக். "இவர் செய்யலை. செஞ்சிருந்தா வெறும் பேனா மையோட விட்டிருக்க மாட்டாரு, தன் விரலையாவது பத்து இடத்துல அமுக்கியிருப்பாரு. செஞ்சவன் ரேகையை ஆயிரம் தடவை காகிதத்துல பாத்திருக்கான், ஒரு தடவை கூட கையில கழுவிப் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தன் செஞ்சது இது." குமாஸ்தாவிடம் குனிந்தார். "வீரன்மேல புகார் எழுதுனது யாரு?"

"எழுதினது நான். சொல்லச் சொல்ல எழுதினேன்."

"யார் சொல்ல?"

பெருமாள்சாமியின் கண் ஜட்ஜின் நாற்காலி இருந்த திசைக்குப் போய்த் திரும்பியது.

பொன்னழகும் அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்தான்.

"வெறும் கண்ணு சாட்சி சொல்லாது" என்றார் பாரூக். "அசல் வேணும். அது இன்னும் இந்த வளவுக்குள்ளதான் இருக்கு."

"எப்படிச் சொல்றீக?"

வேனுக்குத் திரும்பியதும், அதைச் செபாஸ்தியம்மாள்தான் சொன்னாள். காண்ட்ராக்டரின் ஆட்கள் பத்து நாளாகக் கேட்டைச் சுற்றித் திரிந்தார்கள். கூலிகள் சத்தம் போட்டதில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதிக்க வேண்டும், என் பையையும் விடாதீர்கள் என்று ஜட்ஜே எல்லார் முன்னாலும் பெருந்தன்மையாகச் சொன்னார். "நான் வெஞ்சனம் வாங்கப் போனாக்கூடக் கூடையைக் கவுத்து, சுருக்குப்பையை உதறித்தான் விடுறானுக. சாயந்திரம் வண்டி கெளம்பும்போதும் ஒவ்வொரு பெட்டியாத் திறந்து பாப்பானுகளாம்."

"நாலு மணிக்கு விசாரணை முடியும். அப்புறம் வண்டி மதுரை போகும். வண்டிக்குள்ள, ஆனா எவனும் கை விட்டுப் பார்க்காத இடம்" என்றார் பாரூக். "ஏலே பொன்னழகு, முந்தாநாள் காலி பண்ணின தொட்டி இன்னிக்கு எப்படிலே பொங்கும்?"

பின்படிக்குக் கீழே அடித்தொட்டியின் மூடி இருந்தது. பொன்னழகு இரண்டு தட்டுத் தட்டித் திருகினான். புஸ்ஸென்று காற்று சீறி அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே நேரம் வேனுக்குள் மடக் மடக்கென்று யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"இறங்கிருச்சு!" என்று செபாஸ்தியம்மாள் உள்ளிருந்து கத்தினாள். "நின்ன தண்ணியெல்லாம் தானா இறங்கிருச்சு!"

பொன்னழகு வேப்பங்குச்சி ஒன்றைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தான். பாதி ஈரம். பாதி காய்ந்தது.

"தொட்டி பாதிதான் பாய். இது நெறஞ்சு பொங்கல, காத்தடைச்சுப் பொங்கியிருக்கு. எண்ணெய்ப் பீப்பாயில ரெண்டு ஓட்டை இருக்கும். ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு காத்துக்கு. காத்து ஓட்டையை மறந்து அடைச்சிட்டா, ஊத்துற எண்ணெய் கீழ இறங்காது. மூஞ்சியில துப்பும். எத்தனை நாள் எண்ணெயில குளிச்சிருக்கேன்!"

"இதுக்குக் காத்து ஓட்டை எங்க?"

"அந்தக் குழாய்தேன்" என்று செபாஸ்தியம்மாள் இறங்கி வந்து காட்டினாள். தொட்டியிலிருந்து ஒரு இரண்டங்குலக் குழாய் வேனின் பின்பக்கத்தை ஒட்டி மேலே ஏறி, கக்கூஸ் ஜன்னலோரம் வாய் திறந்திருந்தது. "வீரன் தெனமும் வெள்ளன வந்து, ஏணியில ஏறி, இதுல மூங்கில் சிம்பை விட்டுக் குத்துவான். உள்ள விஷக்காத்து நின்னா ஆளைக் கொன்னுரும்பான். அவன் தம்பி அப்படித்தேன் செத்தான், ஏதோ ஒரு சாக்கடைக் குழியில. குத்தாம மூடியைத் தொட மாட்டான். நேத்துக் குத்திட்டுப் போனான். பத்து மணிக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாக. இன்னிக்குக் குத்த ஆளில்ல."

பாரூக் மெல்ல மூச்சு விட்டார். "ஆள் கிடைக்கலைன்னு வீரன்மேல பழி போடலை. இன்னிக்குக் காலையில அந்த மூங்கில் சிம்பு இந்தக் குழாய்க்குள்ள போகக்கூடாது. அதுக்காகப் போட்டது."

பொன்னழகு ஏணியில் ஏறினான். குழாய் வாயில் ஒரு சிவப்பு நாடா. கோர்ட்டுக் கட்டுகளைக் கட்டுகிற நாடா. ஒரு நுனி ஜன்னல் வழியாக உள்ளே போய்க் கொக்கியில் முடிந்திருந்தது. இன்னொரு நுனி குழாய்க்குள் இறங்கியது. எட்டிப் பார்த்தான். உள்ளே கறுப்பாக, சைக்கிள் டியூப் மாதிரி ஒன்று குழாயை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஏம்மா, இந்தக் கக்கூஸுக்கு யார் யார் போவாக?"

"அடி ஆத்தி, அய்யாவைத் தவிர ஆரு போவா? நாங்கல்லாம் அந்தா, காட்டுக்குத்தேன். சாவி அவுக கடிகாரச் சங்கிலியில தொங்குது."

"போதும்" என்றார் பாரூக். "எடுத்துரு அப்பு."

பொன்னழகு நாடாவை இழுத்தான். டியூப் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான். அடைப்பு தளர்ந்தது, அதே இழுப்பில் கொக்கியிலிருந்த முடிச்சும் அவிழ்ந்தது. நாடா கையை உருவிக்கொண்டு பாம்பு மாதிரிக் குழாய்க்குள் ஓடியது. அடியில் தொப்பென்று சத்தம்.

மூவரும் தொட்டி மூடியைப் பார்த்தார்கள். பிறகு பாரூக் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்.

"இறக்குங்க பாய்" என்றான் பொன்னழகு. "உங்க கை நீளம் பத்தாது. நாக்கு மட்டும்தான் நீளம்னு நெனைச்சீகளா எனக்கு?"

"செத்த நேரம் பொறு" என்று செபாஸ்தியம்மாள் தடுத்தாள். "காத்து வெளியேறட்டும். மூஞ்சியை ஓட்டைக்கு நேராக் கொண்டு போகாத. வீரன் தோள்பட்டை வரைக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்குவான். இல்லாட்டிப் புண்ணு வந்துரும்." அவள் உள்ளே ஓடிப்போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். சமையல் எண்ணெய். தயங்காமல் கிண்ணத்தோடு கொடுத்தாள்.

பொன்னழகு எண்ணெய் தடவினான். முகத்தை ஒருபக்கம் திருப்பி, கன்னத்தைத் தொட்டிமேல் வைத்துக்கொண்டு, கையை விட்டான். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வேடிக்கை பேசாமல் இருந்து பாரூக் அன்றுதான் பார்த்தார். வீரன் இதை எத்தனை வருஷமாகச் செய்கிறான் என்று பொன்னழகு கணக்குப் போட்டான். போட்டு முடிக்கப் பயமாக இருந்தது.

விரலில் ரப்பர் தட்டியது.

வெளியே எடுத்தபோது, இரண்டு முனையும் சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டிய சைக்கிள் டியூப் துண்டு. அமுக்கினால் உள்ளே சுருட்டிய காகிதம் நெறுநெறுத்தது.

"அதை இப்படிக் கொண்டு வா."

ஜட்ஜ் பத்தடி தள்ளி நின்றார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. குரலில் மட்டும் கோர்ட்டு இருந்தது.

"மிஸ்டர் பாரூக், விசாரணைக்குச் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளும் என் வசம்தான் இருக்க வேண்டும். அது சட்டம்."

"உங்க வசம்தானுங்க இருந்துச்சு" என்றார் பாரூக். "சாவி உங்க சங்கிலியில, நாடா உங்க கட்டுல, கொக்கி உங்க கக்கூஸ்ல. எரிச்சிருக்கலாம். எரிச்சா காசு குடுக்கிற காண்ட்ராக்டர் நம்ப மாட்டான், அவன் கண்ணு முன்னால எரியணும். அதான் மதுரை வரைக்கும் பத்திரமா வேணும்."

ஜட்ஜின் கைக்குட்டை கொஞ்சம் இறங்கியது. "யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா? நீ டிஸ்மிஸ் ஆன கான்ஸ்டபிள். இது ஒரு தோட்டி கை வைக்கிற சாக்கடையில் கிடந்த ரப்பர். உன் சொல்லை எந்தக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்? நான் முப்பது வருஷம் தீர்ப்புச் சொன்னவன்."

"சொன்னீங்க. ஆனா உங்க கழிவு எந்தக் குழாய் வழியா மூச்சு விடுதுன்னு முப்பது வருஷமாத் தெரிஞ்சுக்கலை. அதை வீரன்கிட்ட விட்டுட்டீங்க. அவனைக் கேட்டிருந்தா, அந்தக் குழாயை அடைக்காதீங்கன்னு அவனே சொல்லியிருப்பான்."

ஜட்ஜ் திரும்பிக் கத்தினார். "கான்ஸ்டபிள்! ரெண்டு பேரும் வாருங்கள்! விசாரணைப் பொருளைத் திருடுகிறார்கள். பிடுங்குங்கள் அதை!"

கேட்டிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியோடு ஓடி வந்தார்கள். பாரூக் பழைய பழக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அவர் ஒருவரால் இரண்டு பேரைத் தடுக்க முடியாது. தடுத்தால் அதுவே ஒரு கேஸ் ஆகும். டியூப் ஜட்ஜ் கைக்குப் போனால் கூலிகளின் வாய் இன்னொரு தடவை அடைபடும்.

அப்போதுதான் பொன்னழகு தன்னைத்தானே பார்த்தான். வலது கை தோள்வரை கறுப்பு. பனியன், கழுத்து, ஒரு பக்கத்துக் கன்னம் எல்லாம் வழிந்துகொண்டிருந்தது. ஓடி வந்த போலீஸ்காரர்கள் ஆறடி தூரத்தில், சுவர் இருப்பது போல நின்றுவிட்டார்கள்.

அவன் டியூப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கேட்டைப் பார்த்து நடந்தான்.

"நில்லுடா!"

"நிக்கிறேன், வந்து பிடிங்க அண்ணே."

"நீ பிடி" என்றான் ஒரு போலீஸ்காரன்.

"சீனியர் நீதானே, நீ பிடி" என்றான் மற்றவன்.

"லத்தியால் அடியுங்கள்!" என்று ஜட்ஜ் கத்தினார்.

ஒருவன் லத்தியை நீட்டினான். பொன்னழகு கையை உதறினான். நாலு சொட்டுத் தெறித்தது. இரண்டு காக்கிச் சட்டைகளும் பின்னால் குதித்தன. சிரிக்க வேண்டிய காட்சிதான். பொன்னழகுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைப் பார்த்த அந்த நாலு கண்ணிலும் இருந்தது பயமில்லை. அவன் ஒரு மனுஷனே இல்லை என்கிற பார்வை. கேட் வரைக்கும் முப்பது கெஜம். ஒருவரும் தொடவில்லை. கேட்டைத் தாண்டும்போது சோதனை போடவும் ஆளில்லை.

பின்னால் பாரூக் நின்று, சட்டைப்பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தார். ஜட்ஜ் கேட்ட ரிப்போர்ட்டை இரண்டே வரியில் எழுதினார். "பெட்டியில் தண்ணீர் ஒழுகவில்லை, ஊற்றப்பட்டது. வீரன் நிரபராதி." கையெழுத்துப் போட்டுக் குமாஸ்தா பெருமாள்சாமியிடம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து வேணும்."

பெருமாள்சாமி ஜட்ஜைப் பார்த்தார். பென்சிலை வாங்கினார். நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கறுத்த கட்டைவிரலைக் காகிதத்தில் அழுத்தி எடுத்தார். "இதை யாராலும் கழுவ முடியாது" என்றார்.

வெளியே கூலிகள் எழுந்து நின்றார்கள். சுந்தரம்மாள் நேராக வந்து இரண்டு கையையும் நீட்டினாள். "சாக்கடைம்மா" என்றான் பொன்னழகு. அவள் காதில் வாங்கவில்லை. டியூப்பை வாங்கி, முந்தானையால் ஒரு துடை துடைத்து, நாடாவைப் பல்லால் அவிழ்த்தாள். சுருளைக் கொஞ்சம் விரித்தாள். உள்ளே ஈரம் இறங்கவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. தாளின் அடியில் இருந்த கறுப்பு ரேகையை மட்டும் பார்த்தாள். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு விழுந்த ரேகை. அதே தழும்பு விழுந்த தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் சுருட்டிக் கட்டினாள்.

"சப்-கலெக்டர் ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்" என்று பாரூக் வேகமாக வெளியே வந்தார். "ஜட்ஜ் ஆள் விட்டு டெலிபோன் தேடுறாரு. காண்ட்ராக்டர் ஆட்கள் வர்றதுக்குள்ள போயிரணும். மூணு மைல். அந்தா பஸ் வருது!"

ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த பஸ் கை காட்டியதும் நின்றது. கண்டக்டர் படியில் இறங்கி ஒரு மூச்சு இழுத்தான். உடனே கையைக் குறுக்கே நீட்டினான்.

"ஏனுங்க, நீங்க வேண்ணா ஏறுங்க பாய். இந்த ரெண்டு உருப்படியும் ஏறக்கூடாதுங்க. மத்தவங்க குமட்டி வாந்தியெடுப்பாங்க."

"போலீஸ் வேலைப்பா, அவசரம்!"

"யாரு வேலையா இருந்தா என்னங்க? கழுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வரச் சொல்லுங்க."

ஜன்னல்களில் முகங்கள் மூக்கைப் பொத்தின. கண்டக்டர் ரைட் கொடுத்தான். பாரூக் ஏறவில்லை. பஸ் புழுதியை இறைத்துவிட்டுப் போயிற்று.

பொன்னழகு ரோட்டோரக் கிணற்றைக் காட்டினான். "ஒரு வாளி ஊத்திக்கிட்டா ஏத்திக்குவான். அடுத்த பஸ் அரைமணி நேரத்துல வரும்."

சுந்தரம்மாள் கிணற்றைப் பார்த்தாள். ரோட்டின் கோடியில், காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு சைக்கிளில் வருவது தெரிந்தது. அவள் டியூப்பை இடுப்பில் சொருகி, அழுக்குப் படிந்த முந்தானையை அதன்மேல் இழுத்து விட்டாள்.

"கழுவ வேணாண்ணே. ஒதுங்குறவன் எவனும் பிடுங்க மாட்டான். நட."